சைன் பாரை மாணவர்கள் தம் கையாலேயே செய்யட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐ.டி.ஐ. முடித்துப் பட்டறைக்கு வரும் பிள்ளைகளுக்கு மைக்ரோமீட்டர் பிடிக்கத் தெரிகிறது, வரைபடம் படிக்கத் தெரிகிறது. ஆனால் ஒரு கோணத்தைத் துல்லியமாக வைத்துக் கொடு என்றால் கை நின்றுவிடுகிறது. கோவை கணபதியில் வீட்டோடு சேர்ந்த லேத் பட்டறை ஒன்றை நெடுங்காலமாக நடத்திவருகிறவன் என்ற முறையில் நான் தொடர்ந்து பார்த்துவரும் உண்மை இது. இதில் பிள்ளைகளைக் குறை சொல்ல எதுவும் இல்லை. பிட்டர், டர்னர் ஆகிய இரு பிரிவுகளின் பாடத்திலும், கோணத்தைத் துல்லியமாக வைக்கவும் சோதிக்கவும் உதவும் சைன் பார் என்னும் கருவி இருக்கிறது. அதன் படத்தை வரைந்து, சூத்திரத்தை எழுதி, மதிப்பெண்ணும் வாங்கிவிடுகிறார்கள். எனினும் என்னிடம் வேலை பழக வந்தவர்களில் பலர் அதைத் தள்ளி நின்று பார்த்திருந்தார்களே தவிர, அதைக் கொண்டு ஒரு வேலையைச் சோதித்ததில்லை. அந்தக் கருவியை மாணவர்களே செய்து பார்க்க வேண்டும், அதற்கு வேண்டிய வசதி சாதாரணப் பட்டறையிலேயே இருக்கிறது என்பதை விளக்கவே இக்கடிதத்தை எழுதுகிறேன். நான் வீட்டுப் பட்டறையில் செய்து பயன்படுத்திவரும் முறையையே இங்கே சொல்கிறேன். பொறுப்பில் உள்ளவர்கள் படித்துப் பார்த்து, இயலுமா இயலாதா என்று தாங்களே முடிவு செய்யலாம்.

கோணம் ஏன் தொல்லை தருகிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன். நீளத்தை அளப்பது நமக்குக் கைவந்த வேலை. எளிய மைக்ரோமீட்டரே ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைக் காட்டிவிடும். கோணத்துக்கு அப்படி இல்லை. லேத்தில் கோணத்துக்குத் திருப்பி வைக்கும் பகுதியான காம்பவுண்ட் ஸ்லைடில் டிகிரிக் கோடுகள்தான் உண்டு. இரண்டு கோடுகளுக்கு இடையே கால் டிகிரியைக் கண்ணால் ஊகித்து வைப்பதே கெட்டிக்காரத்தனம். கோண அளவில் ஒரு டிகிரிக்கு 60 நிமிடம்; எனவே கால் டிகிரி என்பது 15 நிமிடம். 80 மி.மீ. நீளமுள்ள டேப்பரில், அதாவது ஒரு முனை நோக்கிச் சிறுத்துப்போகும் வேலையில், அந்தக் கால் டிகிரிப் பிழை, முனைக்கு முனை பார்த்தால் சுமார் 0.35 மி.மீ. வேறுபாடாக வந்து நிற்கும். பெவல் புரொட்ராக்டர் என்ற கோணமானியை எடுத்தால் 5 நிமிடம் வரை படிக்கலாம். அப்போதும் அதே 80 மி.மீ. நீளத்தில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சந்தேகம் மிஞ்சும். மோர்ஸ் டேப்பர் போன்றவை முழு நீளமும் ஒட்டிப் பிடித்து, அந்தப் பிடிப்பினாலேயே டிரில்லைச் சுழற்றுகிறவை. ஒரு முனையில் மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும் டேப்பர், பளு ஏறிய உடனே ஸ்லீவ் என்ற உறைக்குள் வழுக்கிச் சுற்றி இரண்டையும் கீறிவிடும். நீலம் தடவிப் பொருத்திப் பார்த்து, பட்ட இடத்தைத் தேய்த்து, மறுபடியும் பொருத்திப் பார்ப்பது பழைய வழி. அது நல்ல வழிதான்; ஆனால் பொருத்திப் பார்க்க நம்பகமான ஜோடி ஒன்று கையில் இருக்க வேண்டும், நேரமும் நிறைய வேண்டும். அதோடு, வேலை வாங்கும் நிறுவனங்கள் இப்போது எந்தக் கருவியில் அளந்தீர்கள் என்று எழுத்தில் கேட்கின்றன. எனக்குத் தெரிந்த பட்டறைக்காரர் ஒருவரின் சரக்கு இந்த ஒரு கேள்விக்குப் பதில் இல்லாததால் திரும்பி வந்தது. சரக்கில் குறை இருந்ததா இல்லையா என்று யாரும் அளந்தே பார்க்கவில்லை.

சைன் பார் இந்தச் சிக்கலை எளிமையாகத் தீர்க்கிறது. கோணத்தைக் கோணமாக அளக்காமல், நமக்கு நன்றாக அளக்கத் தெரிந்த நீளமாக அது மாற்றிவிடுகிறது. நேரான எஃகுப் பட்டை ஒன்று. அதன் அடியில் இரு முனைகளிலும் ஒரே விட்டமுள்ள இரண்டு உருளைகள். உருளைகளின் மையங்களுக்கு இடையிலான தூரம் 100 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். சர்ஃபேஸ் பிளேட் என்ற மிகச் சமமான தளத்தின் மேல் ஓர் உருளையை நேரடியாக நிறுத்தி, மற்றதன் அடியில் தெரிந்த உயரத்தைக் கொடுத்தால் பட்டை சாய்கிறது. அந்த உயரத்தை 100ஆல் வகுத்தால் வருவது சாய்வுக் கோணத்தின் சைன் மதிப்பு. 30 டிகிரி வேண்டுமானால் 50 மி.மீ., 20 டிகிரி வேண்டுமானால் 34.202 மி.மீ., 5 டிகிரிக்கு 8.716 மி.மீ. உயரம் கொடுக்க வேண்டும். சிறிய கோணங்களில் உயரத்தில் 0.01 மி.மீ. தவறினால் கோணத்தில் சுமார் 20 விநாடிதான் தவறும். ஒரு டிகிரிக்கு 3,600 விநாடி என்பதை நினைவில் கொண்டால், சாதாரண மைக்ரோமீட்டரைத் துணைக்கு வைத்துக்கொண்டே பெவல் புரொட்ராக்டரைப் போலச் சுமார் பதினைந்து மடங்கு நுட்பமாக வேலை செய்யலாம் என்பது விளங்கும்.

அடியில் கொடுக்கும் உயரத்துக்கு நாம் இன்று பயன்படுத்தும் ஸ்லிப் கேஜ் என்ற துல்லியத் தடிமன் கொண்ட கட்டைகளைச் சொல்லும்போது, அவற்றை உருவாக்கிய சுவீடன் நாட்டுக் கார்ல் எட்வர்ட் யோஹான்சன் பற்றியும் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும். அவர் எஸ்கில்ஸ்டூனா நகரில் அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். 1896இல் ஜெர்மனியில் மௌசர் துப்பாக்கித் தொழிற்சாலைக்குச் சென்று திரும்பும் வழியில், ஒவ்வோர் அளவுக்கும் தனித்தனிக் கேஜ் செய்துகொண்டிருப்பதற்கு மாற்றாக, சேர்த்து அடுக்கி எந்த அளவையும் வரவழைக்கக்கூடிய கட்டைகளின் தொகுதியைப் பற்றிச் சிந்தித்தார். 102 கட்டைகள் கொண்ட அவருடைய தொகுதியால், நூறில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் ஏறத்தாழ 20,000 அளவுகளை அடுக்கிக் காட்ட முடிந்தது. அந்தக் கட்டைகளின் இறுதித் தேய்ப்பை அவர் தம் வீட்டிலேயே, மனைவியின் தையல் இயந்திரத்தை மாற்றியமைத்துச் செய்தார். உலகத்தின் துல்லியத் தொழில்கள் அனைத்தும் பின்னாளில் சார்ந்து நின்ற அளவுகோல் வீட்டின் ஓர் அறையில் உருவானது என்பதை, பெரிய இயந்திரம் இல்லாமல் துல்லியம் வராது என்று நினைக்கும் மாணவருக்கு எடுத்துச் சொல்வது ஆசிரியரின் கடமை என்றே கருதுகிறேன்.

இனி செய்முறை. பட்டைக்கு ஈ.என். 8 என்ற நடுத்தரக் கார்பன் எஃகு போதும். கடினப்படுத்தும் வசதியும் அதற்குப் பின் கிரைண்டிங் செய்யும் வசதியும் இருந்தால் ஓ.எச்.என்.எஸ். என்ற கருவி எஃகை எடுக்கலாம், தினமும் நூறு முறை கையாளப்போவதில்லை என்றால் அது கட்டாயமில்லை. கடையில் பளபளப்பாகக் கிடைக்கும் பிரைட் பாரை மட்டும் எடுக்கக் கூடாது. குளிர்நிலையில் இழுத்துச் செய்த அந்தக் கம்பியின் தோலுக்குள் இறுக்கம் அடைந்து கிடக்கிறது. ஒரு பக்கத்தைச் சீவியவுடன் மறுபக்கம் இழுத்து, கட்டை வில்லாக வளைந்துவிடும். எந்த எஃகானாலும் முதலில் கொஞ்சம் கூடுதலாக விட்டுச் சீவி, சில நாள் சும்மா போட்டுவைத்து, பிறகு முடிப்பு வேலைக்கு எடுப்பது நல்லது. 125 மி.மீ. நீளம், 25 மி.மீ. அகலம், 32 மி.மீ. உயரம் உள்ள கட்டை இதற்குப் போதுமானது.

உருளைகளை எதிலிருந்து எடுப்பது என்பதில்தான் பலர் தயங்கி நின்றுவிடுகிறார்கள். இங்கே புரிந்துகொள்ள வேண்டியது, உருளையின் விட்டம் 20.000 மி.மீ. ஆக இருக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. இரண்டும் ஒன்றுக்கொன்று சமமாக இருந்தால் போதும், முழு நீளமும் ஒரே விட்டமாக இருந்தால் போதும். பழைய ரோலர் பேரிங்கை உடைத்து உருளை எடுக்கும் வழக்கம் நம் பட்டறைகளில் உண்டு. அவை விட்டத்தில் நெருங்கி ஒத்திருக்கும் என்பது உண்மையே. ஆனால் பேரிங் உருளைகளின் முனைகளைப் பளு தாங்குவதற்காகச் சற்றே தணித்துத் தேய்த்திருப்பார்கள். ஆகவே அவை தளத்தில் முழு நீளமும் படியாமல் நடுவில் மட்டும் நிற்கும். பாகங்களை இடம் பிசகாமல் நிறுத்தும் உருளை ஊசிகளான டவல் பின்களில் இந்தக் குறை இல்லை. எனினும் ஒரே பெட்டியில் உள்ள 20 மி.மீ. டவல் பின்கள்கூட அனுமதிக்கப்பட்ட எல்லைக்குள் 13 மைக்ரான் (ஒரு மைக்ரான் ஆயிரத்தில் ஒரு மில்லிமீட்டர்) வரை ஒன்றுக்கொன்று வேறுபடலாம். எனவே கடைக்காரரிடம் கேட்டு, பலவற்றை, சிறு உயர வேறுபாட்டையும் முள்ளால் காட்டும் டயல் கேஜின் கீழ் உருட்டிப் பார்த்து, முள் ஒரே இடத்தில் நிற்கும் இரண்டைப் பொறுக்கி எடுக்க வேண்டும். கடினமாக்கிய பின்னில் திருகுக்குத் துளை போடுவது சிரமம். அதனால் நான் கிரைண்டிங் செய்து விற்கும் சில்வர் ஸ்டீல் ராடிலிருந்து, அடுத்தடுத்த இரண்டு துண்டுகளை வெட்டிப் பயன்படுத்தினேன். ஒரே ராடின் அடுத்தடுத்த பகுதிகள் விட்டத்தில் ஒத்திருக்கும்; மென்மையாக இருப்பதால் துளையிடலும் சுலபம். பயன்பாட்டில் தேயும் என்பார்கள்; தேய்ந்தால் உருளையை லேசாகத் திருப்பி இறுக்க முடியாது, புதிதாக இரண்டு வெட்ட வேண்டும், அவ்வளவுதான்.

கட்டையின் மேல்தளத்தை முதலில் கிரைண்டிங் செய்துவிட வேண்டும். என்னிடம் சர்ஃபேஸ் கிரைண்டர் இல்லை. அந்த வேலையை மட்டும் ஜாப் ஒர்க்காக வெளியே கொடுத்தேன். கணபதி, ஆவாரம்பாளையம் பக்கங்களில் அடுத்த தெருவிலேயே அதற்கு ஆள் கிடைப்பார்கள். பிறகு அடிப்பக்கத்தின் இரு முனைகளிலும் உருளை உட்காரும் படியை மில்லிங்கிலோ ஷேப்பரிலோ வெட்ட வேண்டும். ஒவ்வொரு படிக்கும் இரண்டு முகங்கள்: உருளையின் உயரத்தைத் தீர்மானிக்கும் கிடைமுகம் ஒன்று, மையத் தூரத்தைத் தீர்மானிக்கும் நிற்கும் முகம் மற்றொன்று. மேல்தளத்தைக் காந்தப் படுக்கையில் கவிழ்த்து வைத்து, இரண்டு கிடைமுகங்களையும் கட்டையை அசைக்காமல் ஒரே அமைப்பில் தொட்டு எடுக்கச் சொன்னால், அவை இரண்டும் ஒரே மட்டத்தில், மேல்தளத்துக்கு இணையாகத் தாமாகவே வந்துவிடும். கருவியின் துல்லியத்தில் பாதி இந்த ஒரே அமைப்பில் அடங்கியிருக்கிறது. கிரைண்டிங்காரர் ஒரு முனையை முடித்துக் கட்டையைத் திருப்பி வைத்து மறுமுனையை எடுக்கத் தொடங்கினால் உடனே தடுத்துவிட வேண்டும்.

படிகள் வெளிநோக்கி அமைந்திருப்பதில் ஒரு பெரிய வசதி உண்டு. 20 மி.மீ. உருளைகளுக்கு மையத் தூரம் 100 மி.மீ. வேண்டுமானால், இரு நிற்கும் முகங்களுக்கும் இடையே 80 மி.மீ. இருக்க வேண்டும், அது வெளி அளவாக இருப்பதால், கட்டையைக் கவிழ்த்துப் போட்டு 75–100 மைக்ரோமீட்டரால் நேராக அளந்துவிடலாம். ஒரு மில்லிமீட்டரில் நூறில் மூன்று பங்கு கூடுதலாக விட்டு வெட்டி, நிற்கும் முகங்களை மெல்லிய எமரித் தாள் ஒட்டிய நேரான பட்டையால் பிடித்துத் தேய்த்து, இடமும் வலமும் மேலும் கீழும் அளந்து அளந்து குறைத்துக்கொண்டு வர வேண்டும். இந்தத் தேய்ப்பில் அவசரம் உதவாது. ஒரு மூலையில் அளவு கூடுதலாகக் காட்டினால் அந்த மூலையில் மட்டும் நாலு தேய்ப்பு, பிறகு துணியால் துடைத்து, கையின் சூடு ஆறவிட்டு, மீண்டும் அளவு. மாணவருக்கு மைக்ரோமீட்டரின் ராச்செட்டை எவ்வளவு மெதுவாகத் திருப்ப வேண்டும் என்பதை எத்தனை வகுப்பெடுத்தாலும் சொல்லிக்கொடுக்க முடியாது. இந்த நான்கு மூலைகள் சொல்லிக்கொடுத்துவிடும்.

முகங்களைத் தேய்த்து முடித்ததும் உருளைகளைத் திருகால் இறுக்க வேண்டும். திருகு 45 டிகிரியில் மூலையை நோக்கி இழுத்தால்தான் உருளை இரண்டு முகங்களையும் ஒருசேரத் தொடும். ஆகவே உருளையின் நடுவில் குறுக்காகத் துளையிட்டு, ஆலன் திருகின் தலை வெளியே தெரியாதபடி உள்ளே இறங்க இடம் கொடுக்க வேண்டும். இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று இருக்கிறது. பட்டை 45 டிகிரியை நெருங்கிச் சாயும்போது, கீழே நிற்கும் உருளை தன் துளை இருக்கும் கோட்டின் மேலேயே தளத்தில் நிற்கும். துளையின் விளிம்பில் துளிப் பிசிறு இருந்தாலும் பட்டை அதன்மேல் ஏறி நின்று பொய்க் கோணம் காட்டும். எண்ணெய்க் கல்லால் அந்த விளிம்பைத் தடவித் தணித்து, நகத்தை ஓட்டிப் பார்த்து ஒன்றும் தட்டவில்லை என்று தெரிந்த பிறகே இறுக்க வேண்டும். அதேபோல் பட்டையின் நடுப்பகுதியின் அடியையும் தேவையான அளவு குடைந்து குறைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் பெரிய கோணங்களில் அது அடியிலுள்ள ஸ்லிப் கேஜில் முட்டிக்கொள்ளும். மேல்தளத்தில் வைக்கும் வேலை, அதாவது அளக்க வேண்டிய பொருள், வழுக்கிக் கீழே வராமலிருக்க, தாழ்ந்த முனையில் சிறு தடுப்புத் தகடு ஒன்றைத் திருகிவிடலாம்.

இப்போது மையத் தூரம் சரியாக 100.000 மி.மீ. வந்திருக்கிறதா என்ற கேள்வி எழும். வந்திருக்காது, வரவேண்டிய அவசியமும் இல்லை. உருளைகளின் வெளிப்புறத்துக்கு மேல் 100–125 மைக்ரோமீட்டரால் அளந்து, அதிலிருந்து ஓர் உருளையின் விட்டத்தைக் கழித்தால் உண்மையான மையத் தூரம் கிடைத்துவிடும். என்னுடைய பட்டையில் அது 99.98 மி.மீ. அந்த எண்ணைப் பட்டையின் பக்கவாட்டில் எழுத்துப் பொறிகளால் பொறித்து வைத்திருக்கிறேன். கணக்கில் 100க்குப் பதிலாக 99.98 என்று போடுகிறேன், 30 டிகிரிக்கு 50.00க்குப் பதில் 49.99 கொடுக்கிறேன். அப்படிச் செய்யாமல் 50.00 கொடுத்தால் சுமார் 24 விநாடி பிழை வரும். செய்தால் அந்தப் பிழை அடியோடு போய்விடும். விற்பனைக்குச் செய்யும் தொழிற்சாலைக்குத்தான் எல்லாப் பட்டையும் ஒரே நீளமாக இருந்தாக வேண்டும். சொந்தப் பட்டறைக்குச் செய்கிறவர் தம் பட்டையின் நீளத்தை அறிந்திருந்தால் போதும். வீட்டுப் பட்டறையில் துல்லியக் கருவி செய்ய முடியாது என்று சொல்பவர்கள் பெரும்பாலும் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதில்லை.

அடுத்தது சோதனை. இதற்கு வெளியிலிருந்து எந்த அளவுகோலும் தேவையில்லை என்பதே இந்தக் கருவியில் எனக்கு மிகவும் பிடித்த குணம். பட்டையைச் சர்ஃபேஸ் பிளேட்டின் மேல் இரு உருளைகளும் படிய வைத்து, ஒரு மூலையை விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். ஆடினால் உருளைகள் ஒன்றுக்கொன்று இணையாக இல்லை. ஆடவில்லை என்றால், ஒரு வேலையை மேலே வைத்து, ஓர் உருளையின் அடியில் உயரம் கொடுத்து, டயல் கேஜை அந்த வேலையின் மேல் ஓட்டி முள்ளின் போக்கைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு அதே உயரத்தை மற்ற உருளையின் அடிக்கு மாற்றி, வேலையையும் முனை மாற்றி வைத்து, மறுபடி ஓட்ட வேண்டும். பட்டையின் மேல்தளம் உருளைகளின் மையக் கோட்டுக்கு இணையாக இல்லாவிட்டால், அந்தக் குறை முதல் முறை கோணத்தோடு கூடும், இரண்டாம் முறை கழியும். ஆகவே இரு அளவுகளுக்கும் உள்ள வேறுபாடு பட்டையின் குறையைப் போல இரட்டிப்பாகத் தெரியும்; இரண்டின் சராசரியை எடுத்தால் வேலையின் உண்மையான கோணம் கிடைத்துவிடும். குறையுள்ள கருவியே தன் குறையைக் காட்டிக்கொடுத்து, சரியான விடையையும் தருகிறது. இந்த ஒரு சோதனையைத் தன் கையால் செய்து பார்த்த மாணவருக்கு, அளவியல் என்ற பாடத்தின் மீது பிறகு பயம் இருக்காது.

ஸ்லிப் கேஜ் பெட்டி வாங்க வசதியில்லாத பட்டறைக்கும் வழி உண்டு. நாம் திரும்பத் திரும்ப வைக்கும் கோணங்கள் மிகச் சிலவே. அவை ஒவ்வொன்றுக்கும் ஒரு வட்டத் துண்டைக் கடைந்து, இரு முகங்களையும் தேய்த்து, அளவைப் பொறித்து வைத்துக்கொள்ளலாம். எடுத்துக்காட்டாக, 3ஆம் எண் மோர்ஸ் டேப்பரின் முழுக் கோணத்துக்கு 100 மி.மீ. பட்டையில் 5.016 மி.மீ. உயரம் வேண்டும். அந்த உயரத்தில் பட்டையைச் சாய்த்து, கடைந்த டேப்பரை அதன்மேல் படுக்க வைத்து, மேல்விளிம்பில் டயலை ஓட்டினால் முள் அசையாமல் இருக்க வேண்டும். அசைந்தால், எத்தனை நீளத்தில் எவ்வளவு அசைந்தது என்பதிலிருந்து காம்பவுண்ட் ஸ்லைடை எந்தப் பக்கம் எவ்வளவு திருப்ப வேண்டும் என்பதும் தெரிந்துவிடுகிறது. துண்டின் உயரத்தில் 0.01 மி.மீ. பிழை இருந்தாலும், 80 மி.மீ. டேப்பரில் அது 8 மைக்ரான்தான். கால் டிகிரி ஊகத்தில் வந்த 0.35 மி.மீ. எங்கே, இது எங்கே!

தளத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சமையல் மேடைக்குப் போடும் மெருகிட்ட கிரானைட் பலகை கண்ணுக்குச் சமமாகத் தெரியும். டயல் கேஜுக்கு அது அலையலையாகத் தெரியும். மெருகு வேறு, மட்டம் வேறு. சிறியதானாலும் சோதித்து விற்கும் சர்ஃபேஸ் பிளேட்டே வேண்டும். பயிற்சி நிலையங்களில் அது ஏற்கெனவே இருக்கிறது.

நம் ஊர் வெயிலில் துல்லியம் எப்படி நிற்கும் என்று கேட்பவர்களுக்கும் விடை சொல்ல வேண்டும். நீள அளவுகளுக்கு உலகம் முழுவதும் 20 டிகிரி செல்சியஸே ஆதார வெப்பநிலை என்று 1931இல் ஒப்புக்கொள்ளப்பட்டது. சித்திரை மாதத்து 35 டிகிரியில் 100 மி.மீ. எஃகு சுமார் 17 மைக்ரான் நீண்டிருக்கும். ஆனால் சைன் பாரில் பட்டையும் எஃகு, அடியில் உள்ள கட்டையும் எஃகு. இரண்டும் ஒரே வீதத்தில் நீளும், கோணத்தைத் தீர்மானிப்பதோ அவற்றின் விகிதம் மட்டுமே. ஆகவே அறை சூடாக இருப்பது பெரிய தடையல்ல. இரண்டும் ஒரே சூட்டில் இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. பட்டையை மட்டும் கையில் வைத்துக்கொண்டிருந்து அது கட்டையைவிட 5 டிகிரி சூடேறிவிட்டால், 30 டிகிரிக் கோணத்தில் 7 விநாடி அளவுக்குப் பிழை வரும். எல்லாவற்றையும் முதல்நாள் மாலையே பிளேட்டின் மேல் வைத்துவிட்டு, காலையில் வெயில் ஏறுமுன் அளப்பது என் வழக்கம்.

இந்தக் கருவிக்கும் எல்லை உண்டு. அதையும் மாணவர் அறிந்திருக்க வேண்டும். கோணம் ஏற ஏற, உயரத்தில் வரும் அதே பிழை கோணத்தில் பெரிதாகிக்கொண்டே போகும். 0.01 மி.மீ. பிழை 60 டிகிரியில் இருமடங்காகி 41 விநாடியாகிறது. 75 டிகிரியில் 80 விநாடியாகிறது. எனவேதான் 45 டிகிரிக்கு மேல் சைன் பாரை நேரடியாக வைக்கக் கூடாது என்பார்கள். வேலையை ஆங்கிள் பிளேட் என்ற செங்கோணத் தாங்கியில் கட்டிச் செங்குத்தாகத் திருப்பி, மீதிக் கோணத்தை வைத்து அளப்பதே முறை.

இவ்வளவும் விரிவாக எழுதியதன் நோக்கம், இதில் எந்தப் படியும் ஐ.டி.ஐ. பட்டறைக்கு எட்டாதது அல்ல என்று காட்டுவதற்காகத்தான். பாடத்திட்டத்தை வகுப்பது மத்தியப் பயிற்சித் தலைமை இயக்ககம். அதை மாற்றச் சொல்லி நான் கேட்கவில்லை. இரண்டு ஆண்டுப் படிப்பில் மாணவர்கள் அரத்தால் ராவிச் செய்யும் ஆண்–பெண் பொருத்தங்கள் பல உள்ளன; டவ்டெய்ல், அறுகோணம், சதுரம் என்று செய்து முடித்ததும் அவை மதிப்பெண் பெற்றுப் பழைய இரும்புக் குவியலுக்குப் போகின்றன. கைத்திறனுக்கு அவை தேவைதான். எனினும் இரண்டாம் ஆண்டின் செய்முறைத் திட்டப் பணியாக இரண்டு மாணவருக்கு ஒரு சைன் பார் என்று கொடுக்க, மாநில வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை நிலையங்களை ஊக்குவிக்கலாம். அந்த வேலையில் தேர்வாளர் மாணவரிடம் கேட்க வேண்டியது, 100.000 வந்ததா என்று அல்ல. உன் பட்டையின் நீளம் எவ்வளவு, அது உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்க வேண்டும்.

முடித்த பட்டைகளில் நல்லவற்றை அளவுச் சோதனைக்கு அனுப்பிச் சான்றும் பெற்றுக் கொடுக்கலாம். கோவையில் சிட்டார்க் சோதனை, ஆராய்ச்சி மையம், சென்னை கிண்டியில் மத்திய அரசின் சிறுதொழில் சோதனை மையம் ஆகியவை இத்தகைய பணிக்கென்றே இருக்கின்றன. மாணவர் அனுப்பும் பட்டைகளுக்கு மட்டும் கட்டணத்தைத் துறையே ஏற்றுக்கொண்டால், சான்றிதழில் உள்ள எண்ணும் தான் அளந்த எண்ணும் எத்தனை மைக்ரான் விலகுகின்றன என்று அந்த மாணவர் பார்ப்பார். வேலைக்கு வரும்போது மதிப்பெண் பட்டியலோடு அந்தப் பட்டையையும் சான்றையும் கொண்டுவந்து மேசையில் வைக்கும் பிள்ளையை, என்னைப் போன்ற பட்டறைக்காரர் எவரும் திருப்பி அனுப்பமாட்டார்.

அருகிலுள்ள நிலையங்களின் பயிற்றுநர்கள் விரும்பினால், என் பட்டையின் வரைபடத்தைத் தருவதற்கும், மாணவர்களை அழைத்துவந்தால் முனை மாற்றும் சோதனையைச் செய்து காட்டுவதற்கும் நான் ஆயத்தமாக இருக்கிறேன். தங்கள் நாளிதழ் இக்கடிதத்தை வெளியிட்டால், இதே முறையில் வேறு கருவிகளைச் செய்து பயன்படுத்திவரும் பட்டறைக்காரர்களும் தங்கள் செய்முறையை எழுதுவார்கள் என்று எதிர்பார்க்கிறேன். குறிப்பாக, கடினமாக்கிய உருளையை மென்மைப்படுத்தாமலே துளையிட்டுப் பொருத்தியவர்கள் யாரேனும் இருந்தால், அவர்கள் எந்த டிரில்லை எந்த வேகத்தில் ஓட்டினார்கள் என்பதை அறிய ஆவலாக உள்ளேன்.

இப்படிக்கு,
லேத் பட்டறை நடத்தும் வாசகர்,
கணபதி, கோயம்புத்தூர்.